ட்ரக்கி: கணவாய்க்குக் கீழே ஒரு ரயில் ஊர்

அக்டோபர் 10, சேக்ரமென்டோ

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியெரா நெவாடா மலைத்தொடரின் மறுபுறத்தில் இருக்கும் ட்ரக்கி என்ற சிற்றூரைப் பார்க்கத்தான் புறப்பட்டோம். ஆனால் அந்த ஊருக்கான பாதை தொடங்கிய இடத்தில் ஒரு நாள் தங்கிவிட்டுப் போவதே முறை என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவர் செங்கோட்டைப் பகுதியில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், கேளிக்கைப் பூங்காவும் கடற்கரையும் வேண்டாம், மலையேறும் ரயில்பாதை ஒன்றைக் காட்டினால் போதும் என்று கேட்டிருந்தார்.

சேக்ரமென்டோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 அடி உயரத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது. அக்டோபர் மாதத்திலும் வெயில் சுட்டது. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த முதல் ரயில்பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டது சென்ட்ரல் பசிபிக் நிறுவனம். 1863 ஜனவரி 8 அன்று அது தன் பாதைக்கு முதல் மண்ணை வெட்டியது இங்கேதான். நிறுவனத்தை நடத்திய நால்வரும் இந்த ஊர்க் கடைக்காரர்கள்: ஸ்டான்ஃபோர்டு மளிகை, கிராக்கர் துணி, ஹன்டிங்டனும் ஹாப்கின்ஸும் இரும்புச் சாமான். மலையைக் கடக்கும் வழியைக் கண்டறிந்தவரோ தியடோர் ஜூடா என்ற பொறியாளர். சியெராவின் பிற கணவாய்களில் ஒரு முகட்டைத் தாண்டினால் இன்னொரு முகடு குறுக்கே நிற்கும். டச் ஃபிளாட் என்ற சுரங்க ஊரின் மருந்துக் கடைக்காரர் டேனியல் ஸ்ட்ராங் காட்டிய வழியில் ஒரே நீண்ட மலைமுதுகு இடையறாமல் உச்சிவரை ஏறியது. அந்த முதுகின் மேல்தான் ஜூடா பாதையை வகுத்தார். பின்னர் நால்வரோடும் கருத்து மாறுபட்டு, வேறு முதலீட்டாளர்களைத் தேடிக் கிழக்கே போகும் வழியில், பனாமாவில் மஞ்சள் காய்ச்சல் பற்றி 1863 நவம்பரில் தம் 37ஆம் வயதில் இறந்துபோனார். தாம் வகுத்த பாதையில் ரயில் மலையேறியதை அவர் பார்க்கவில்லை.

அரசு கொடுத்த கடன் பத்திரங்கள் சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர் என்றும் மலையில் 48,000 டாலர் என்றும் வகுக்கப்பட்டிருந்தன. ஆகவே மலை எங்கே தொடங்குகிறது என்பது பெரும் பணக் கேள்வியாயிற்று. நகரிலிருந்து ஏழே மைல் தொலைவில், கண்ணுக்கு ஒரு மேடும் தெரியாத ஆர்கேட் ஓடைக்கரையில், அங்குள்ள மண் சியெராவிலிருந்து அடித்து வரப்பட்டது என்ற காரணத்தைக் காட்டி, மலை அங்கேயே தொடங்குவதாக மாநில நிலவியலாளர் ஜோசயா விட்னி ஒப்புதல் அளித்தார். லிங்கனும் அதை ஏற்றார்.

மாநில ரயில் அருங்காட்சியகத்தில் சித்தப்பா நெடுநேரம் நின்றது 4294 எண்ணிட்ட நீராவி எஞ்சின் முன்னால். 1944இல் கட்டப்பட்ட இதில் ஓட்டுநர் அறை புகைபோக்கிக்குப் பின்னால் இல்லாமல் எஞ்சினின் முகப்பிலேயே இருக்கிறது. நாளை நாங்கள் போகும் பாதையில் சுரங்கங்களும், பனிச்சரிவைத் தடுக்கும் மரக் கூரைகளும் மைல் கணக்கில் நீண்டிருந்ததால், பின்னால் உட்கார்ந்த ஓட்டுநர்கள் தங்கள் எஞ்சினின் புகையிலேயே மூச்சுத் திணறினார்கள். அதற்குக் கண்ட வழி இது. ஒரு மலை எஞ்சினின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது என்றால் அந்த மலை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று சித்தப்பா தமக்குள் சொல்லிக்கொண்டார். பீன்ஸும் சோறும் பொதிந்த மெக்சிகன் ரொட்டிச் சுருளை இருவரும் பகிர்ந்து உண்டோம். பதினான்கு டாலர். ஒருவருக்கு அது மிகுதி.

அக்டோபர் 11, மலையேற்றம்

தங்கை காலையில் எழுந்து புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்திருந்தாள். கண்ணாடிக் கூரையிட்ட காட்சிப் பெட்டியில் இடம் கிடைத்தது. சேக்ரமென்டோவிலிருந்து உச்சி சுமார் நூறு மைல். அதற்குள் 30 அடியிலிருந்து 7,000 அடிக்கு நெருக்கமாக ஏற வேண்டும்.

சியெரா நெவாடா ஒரு முனையில் செங்கல் வைத்து உயர்த்திய பலகையைப் போலச் சாய்ந்த மலை. மேற்குச் சரிவு நீளமானது, மெல்ல உயர்வது. கிழக்குப் புறம் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. ஏற்றம் மிகுந்த இடங்களில் மைலுக்கு 116 அடி என்று சொன்னதும், சித்தப்பா கணக்குப் போட்டு, "நாற்பத்தைந்துக்கு ஒன்று, தம்பி. பேங்கர் எஞ்சின் இல்லாமல் சரக்கு வண்டி ஏறாது" என்றார். எங்களுக்கு எதிர்த்திசையில் இறங்கி வந்த சரக்கு வண்டியின் நடுவிலும் கடைசியிலும் எஞ்சின்கள் பூட்டியிருந்ததைக் காட்டி மகிழ்ந்தார்.

கோல்ஃபாக்ஸ் நிலையத்தைத் தாண்டியதும் கேப் ஹார்ன் என்ற வளைவு வருகிறது. அமெரிக்கன் ஆற்றுக்கு ஏறத்தாழ 1,300 அடி மேலே மலை விலாவைச் செதுக்கிப் பாதை போட்டிருக்கிறார்கள். சாளரத்துக்குக் கீழே நிலமே இல்லை. இதைச் செதுக்கியவர்கள் சீனத் தொழிலாளர்கள். வெள்ளையர்கள் வேலைக்கு வந்த வேகத்திலேயே வெள்ளிச் சுரங்கங்களுக்கு ஓடிவிட்டதால், 1865இல் சோதனையாக ஐம்பது சீனரைச் சேர்த்தார்கள். அவர்களுடைய வேலையைப் பார்த்த பிறகு, குவாங்டாங் மாகாணத்திலிருந்து நேரடியாகவே ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சீனர்கள் இப்பாதையில் வேலை செய்தனர்.

பக்கத்து இருக்கையில் ஓமாஹா வரை செல்லும் ஒரு முதிய தம்பதியர். கணவர் ரயில்வேயில் சைகைப் பிரிவில் இருந்தவராம். சித்தப்பாவின் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருந்தும், சிலிப்பர் கட்டை, ஜல்லி, வளைவின் சாய்வு என்று இருவரும் கைகளாலேயே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டார்கள். புளியோதரையை நீட்டியபோது அந்த அம்மையார் தயங்காமல் இரண்டு வாய் உண்டுவிட்டு, புளிப்பு எதிலிருந்து வருகிறது என்று கேட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பதிலுக்கு வீட்டில் சுட்ட ஓட்ஸ் பிஸ்கட்டுகளைக் கொடுத்தார்.

யூபா கணவாயை நெருங்குகையில் அந்தப் பெரியவர் வெளியே சுட்டிக் காட்டினார். 1952 ஜனவரி 13 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ நோக்கி வந்த ஆடம்பர விரைவு வண்டி ஒன்று இங்கே பனியில் புதைந்து நின்றது. பயணிகளும் ஊழியர்களுமாக 226 பேர் மூன்று நாள் அதற்குள் இருந்தார்கள். எரிபொருள் தீர்ந்து வெப்பம் நின்றது, உணவு குறைந்தது. பயணிகள் எல்லாரும் உயிரோடு மீட்கப்பட்டனர். இது நடந்தது டீசல் எஞ்சின் காலத்தில். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று இந்த மேற்குச் சரிவில் ஏறி, குளிர்ந்து, சுமையை எல்லாம் உச்சியில் கொட்டுகிறது. உச்சிக்கு அருகே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பனி ஆய்வுக்கூடம் 1946 முதல் அளந்து வருகிறது. 2022–23 பருவத்தில் மட்டும் அங்கே 754 அங்குலம் விழுந்தது. அது 63 அடிக்குச் சற்றுக் குறைவு.

பிறகு இருட்டு. 1925இல் திறந்த, ஏறத்தாழ இரண்டு மைல் நீளமான சுரங்கம் ஜூடாவின் பெயர் தாங்கிய மலைக்குள் போகிறது. வெளியே வந்தபோது இடப்புறம், மிகக் கீழே, டானர் ஏரி கருநீலமாகக் கிடந்தது. வண்டி மலை விலாவில் தேய்ந்தபடி இறங்கி, ஒரு பள்ளத்தாக்குக்குள் குதிரைலாட வடிவில் வளைந்து திரும்பி ட்ரக்கியில் நின்றது. காலையில் வியர்வை, இங்கே மேலங்கி இல்லாமல் நிற்க முடியவில்லை. அறை 189 டாலர். கட்டிலருகே காதடைப்பான்கள் வைத்திருந்தார்கள். ஊரின் நடுவிலேயே கடவுப்பாதை இருப்பதால் ஒவ்வொரு சரக்கு வண்டியும் ஊதிக்கொண்டுதான் போகும். சித்தப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. நான் இரவு முழுவதும் விழித்திருந்தேன்.

அக்டோபர் 12, ட்ரக்கி

காலை உணவுக்கு முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு, தடித்த ரொட்டி: ஆளுக்குப் பதினேழு டாலர், அன்பளிப்பு தனி. பரிமாறிய பெண் சித்தப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருப்பதைக் கண்டு, கேட்காமலேயே பெரிய குவளையில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். 5,800 அடி உயரமும் வறண்ட காற்றும் சேர்ந்து முதல் நாள் வந்தவர்களுக்கு மூக்கில் இரத்தம் வரவைப்பது வழக்கமாம்.

ஏறத்தாழ பதினாறாயிரம் பேர் வாழும் இந்த ஊர், மலையின் உச்சியிலிருந்து இறங்கும் பாதை முதன்முதலாகச் சமநிலம் காணும் இடத்தில் இருக்கிறது. எல்லாமே அதைப் பின்பற்றி அமைந்திருக்கின்றன. வடக்கே கடைத்தெரு, அதை ஒட்டித் தண்டவாளம், அதை ஒட்டி ஆறு. கடைகளின் முகப்பு ரயிலைப் பார்த்தபடியே இருக்கிறது. முதலில் இங்கே வண்டிப்பாதைச் சாவடி ஒன்று இருந்தது. அதைச் சுற்றி எழுந்த கோபர்ன்ஸ் ஸ்டேஷன் 1868இல் எரிந்துபோக, பாதை வந்த அதே ஆண்டில் எழுந்த புதிய ஊருக்குப் பையூட் என்ற பழங்குடி மக்களின் தலைவர் ஒருவரின் பெயர் இடப்பட்டது. அந்தத் தலைவரின் பேத்தி சாரா வின்னமக்கா, தம் மக்களின் நிலத்துக்காக நாடெங்கும் சென்று பேசியவர். மலையேறும் வண்டிகளுக்குக் கூடுதல் எஞ்சின் பூட்டுவதும், பனியை அகற்றும் வண்டிகளை நிறுத்துவதும், மரம் அறுப்பதும் ஊரின் தொழில்களாயின. அறுத்த மரம் நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு முட்டுக் கொடுக்கப் போயிற்று. மலைப்பாதையின் பனிக்கூரைகளுக்கே 37 மைல் நீளத்துக்கு மரம் வேண்டியிருந்தது.

நிலையத்துக்கு அருகே ஒரு பழைய கார்டு வண்டிக்குள் சிறு காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கே தன்னார்வலராக உட்கார்ந்திருந்த முதியவர், நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும், ஊரின் பெருமைகளைச் சொல்வதற்கு முன்னால் இந்த ஊர் யாரை விரட்டியது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப்பட்டது.

பாதை முடிந்தபின் மலையைத் துளைத்த சீனர்களில் பலர் ட்ரக்கியிலேயே தங்கினார்கள். விறகு வெட்டினார்கள், துணி வெளுத்தார்கள், சமைத்தார்கள், கடை வைத்தார்கள். மேற்குப் பகுதியின் பெரிய சீனக் குடியிருப்புகளில் ஒன்று இங்கே எழுந்தது. 1870களில் தொழில் மந்தம் வந்ததும் பகை எழுந்தது. 1876 ஜூன் மாதத்தில் ஒரு நள்ளிரவு, டிரவுட் ஓடைக்கரையில் சீன விறகுவெட்டிகள் உறங்கிய குடிசைகளுக்குத் தீ வைத்து, தீயணைக்க வெளியே ஓடிவந்தவர்களைச் சுட்டார்கள். ஒருவர் இறந்தார். குற்றம் சாட்டப்பட்ட உள்ளூர் வெள்ளையர்கள் விடுதலையானார்கள். சீனர் தெரு மீண்டும் மீண்டும் எரிந்தது. 1878இல் அவர்கள் ஆற்றின் தென்கரைக்குத் தள்ளப்பட்டார்கள். 1885 இறுதியில், சீனருக்கு வேலை கொடுப்பவர், பொருள் விற்பவர் எவரோடும் யாரும் கொடுக்கல் வாங்கல் செய்யக்கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்தது. துப்பாக்கி இல்லாமல் பட்டினியால் விரட்டும் இந்த வழியை "ட்ரக்கி முறை" என்று பிற ஊர்களும் கைக்கொண்டன. 1886இல் சில மாதங்களுக்குள் சீனர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தப் புறக்கணிப்பை நடத்தியவர் சார்லஸ் மக்ளாஷன், வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியர். இதே மனிதர்தான், 1846–47 குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் குடியேற வரும் வழியில் ஏரிக்கரையில் பனியில் சிக்கிய டானர் குழுவினரில் உயிர் பிழைத்தவர்களைத் தேடிக் கடிதம் எழுதி, அவர்கள் பட்ட துன்பத்தைப் பரிவோடு பதிவு செய்தவர். பசியில் மனிதர் என்ன ஆவார்கள் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டே பட்டினியை ஆயுதமாக எடுத்தார். இதை எந்த வகையிலும் என்னால் சமன் செய்துகொள்ள இயலவில்லை. அவர் 1893இல் கட்டிய வட்ட வடிவக் கோபுரம் குன்றின் மேல் இன்றும் நிற்கிறது. சீனர்களுடையது என்று ஊரில் நிற்பது ஆற்றின் தென்கரையில் 1878இல் கட்டிய ஒரு செங்கல் கட்டடம் மட்டுமே. மூலிகைக் கடையாக இருந்தது. தடித்த சுவர், சிறிய முகப்பு. செங்கல் என்பதால் தீ அதைத் தின்னவில்லை. அதன் எதிரே நின்றிருந்தபோது மேற்கே போகும் சரக்கு வண்டி ஒன்று ஐந்து நிமிடத்துக்கு மேலாகக் கடந்தது. கொள்கலன்களில் பாதிக்கு மேல் ஆசியக் கப்பல் நிறுவனங்களின் பெயர்கள்.

பிற்பகலில் ஊர்ப் பேருந்தில் டானர் நினைவுப் பூங்காவுக்குப் போனோம். 1918இல் எழுப்பிய வெண்கலக் குடும்பத்தின் பீடம் 22 அடி உயரம். அந்தக் குளிர்காலத்துப் பனியின் ஆழத்தைக் காட்டுவதற்காக அப்படிக் கட்டினார்கள். 87 பேர் கொண்ட குழுவில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தனர். அவர்களுக்கு உணவு கொண்டுவந்து உதவிய லூயிஸ், சால்வடோர் என்ற இரு பழங்குடி இளைஞர்களும் அவர்களுள் சிலரால் கொல்லப்பட்டார்கள். புதிய பார்வையாளர் கூடத்தில் வாஷோ என்ற பழங்குடி மக்கள், சீனத் தொழிலாளர்கள் ஆகியோர் கதையும் இடம் பெற்றிருக்கிறது. மாலையில் சோளக் கஞ்சியும் ரொட்டியும் பன்னிரண்டு டாலர். நேற்றை விட இன்று நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 13, ஆற்றோடு கீழே

ஒரு நாள் வாடகைக்குக் கார் எடுத்தோம், 74 டாலர். ட்ரக்கி ஆறு டாஹோ ஏரியில் பிறந்து, ஊரைக் கடந்து, ரீனோ வழியாக ஓடி, நெவாடாப் பாலைவனத்தில் பிரமிட் ஏரியில் முடிகிறது. ஏறத்தாழ 120 மைல், கடலையே பார்க்காத ஆறு. மலையைக் கடந்த ரயில்பாதை இந்த ஆற்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பாலைவனத்துக்கு இறங்கியது.

ஊரிலிருந்து சில மைலில் போகா. இன்று அங்கே அணையும் சில அடித்தளக் கற்களும் தவிர ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் இது பனிக்கட்டி அறுக்கும் ஊர். குளிர்காலத்தில் குளங்களை உறையவிட்டு, கட்டிகளாக அறுத்து, மரத்தூளில் மூடி வைத்து, கோடையில் ரயிலில் ஏற்றுவார்கள். அனலாய்க் கொதித்த நெவாடாவின் ஆழ் சுரங்கங்களில் தொழிலாளர்கள் அந்தக் கட்டிகளைக் கொண்டு உடலைக் குளிர்வித்தார்கள். கலிஃபோர்னியாவின் பழங்கள் கிழக்கு நகரங்களுக்கு வாடாமல் போனதும் இந்தப் பனிக்கட்டியால்தான். இயந்திரக் குளிர்சாதனம் பரவியதும் 1920களில் தொழில் அற்றுப்போயிற்று. கலிஃபோர்னியாவின் மிகக் குறைந்த வெப்பநிலை பதிவானதும் போகாவில்தான்: 1937 ஜனவரி 20, மைனஸ் 45 பாரன்ஹீட். மேற்குச் சரிவில் ஈரம், கிழக்கில் இந்தக் குளிரும் வறட்சியும். எல்லையைத் தாண்டி அரை மணி நேரத்தில் ரீனோவில் ஆண்டு மழை ஏழெட்டு அங்குலம்தான். ஊசியிலை மரங்கள் வழியிலேயே நின்றுவிட்டன. அதன்பின் சாம்பல் நிறப் புதர் மட்டும்.

ஸ்பார்க்ஸ் என்ற ஊரில் லாரிகள் நிற்குமிடத்தில் காபிக்காக இறங்கினோம். பஞ்சாபி ஓட்டுநர் ஒருவர், எங்கள் முகத்தைப் பார்த்ததும் வந்து பேசி, அந்தக் காபியைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லித் தம் லாரியிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். டயரில் சங்கிலி பூட்டி டானர் கணவாயைக் கடக்கும் குளிர்கால இரவுகளைப் பற்றி விவரித்தார். ஸ்பார்க்ஸே ரயில் நிறுவனம் உண்டாக்கிய ஊர். 1904இல் பாதையின் வளைவுகளை நேராக்கியபோது, கிழக்கே வாட்ஸ்வர்த் ஊரில் இருந்த பணிமனைகளை இங்கே மாற்றினார்கள். தொழிலாளர்களின் வீடுகளையும் கழற்றி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்து, மனையை ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். வாட்ஸ்வர்த் வெறுமையாயிற்று.

டெர்பி அணை சிறியது. ஆனால் 1905இல் முடிந்த இந்த அணை, ஆற்று நீரில் பெரும்பகுதியை வேறொரு படுகையின் வயல்களுக்குத் திருப்பிவிட்டது. பிரமிட் ஏரி ஏறத்தாழ 80 அடி தாழ்ந்தது. பக்கத்து வின்னமக்கா ஏரி 1930களின் இறுதிக்குள் முற்றிலும் வற்றிப்போனது. ஏரியின் புகழ்பெற்ற டிரவுட் மீன் முட்டையிட ஆற்றில் ஏற முடியாமல் அழிந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின், யூட்டா எல்லையில் ஒரு மலையோடையில் அதன் வழித்தோன்றல்கள் கிடைத்து, இப்போது மீண்டும் விட்டிருக்கிறார்கள். ஏரி பையூட் மக்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருப்பதால் அனுமதிச் சீட்டு அவர்களிடம் வாங்க வேண்டும். சாலையோரத்தில் பொரித்த ரொட்டியில் பீன்ஸும் கீரையும் வைத்து விற்ற பையூட் மூதாட்டி, தம் தாத்தா காலத்தில் கரை எங்கே இருந்தது என்று மலையின் மேல் தெரியும் வெள்ளைக் கோட்டைக் காட்டினார். தண்ணீருக்காக நீதிமன்றத்தில் அவர்கள் நடத்திய போராட்டம் மூன்று தலைமுறை நீண்டது.

திரும்பும்போது சரளைப் பாதையில் டயர் ஒன்று கிழிந்தது. தொலைபேசியில் இணைப்பு இல்லை. மீன்பிடிக்க வந்த இரு இளைஞர்கள் வண்டியை நிறுத்தி, அரை மணி நேரத்தில் மாற்றுச் சக்கரம் பூட்டி, பணம் வாங்க மறுத்து, சித்தப்பாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 14, உச்சி

கார்டு வண்டிக் காட்சியகத்து முதியவர், தாமே வந்து உச்சிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன நேரத்துக்கு வந்தார். பழைய நெடுஞ்சாலை டானர் ஏரியிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. மேலே கருங்கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. காற்று நிற்க விடவில்லை.

ஆறாம் எண் சுரங்கம் 1,659 அடி நீளம். இரு முனைகளிலிருந்தும், நடுவே ஒரு கிணறு இறக்கி அதன் அடியிலிருந்து இரு திசைகளிலும் என்று, ஒரே நேரத்தில் நான்கு முகங்களில் வெட்டினார்கள். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப இருவர் சம்மட்டி அடித்து, துளையில் கருமருந்து நிரப்பி வெடித்தும், ஒரு நாளைக்கு ஒரு முகத்தில் ஓரடிக்குச் சற்று மேல்தான் முன்னேற முடிந்தது. ஆகவே நைட்ரோகிளிசரினை இங்கேயே காய்ச்சினார்கள். 1866–67 குளிர்காலத்தில் 44 புயல்கள் வந்தன. தொழிலாளர்கள் பனிக்கடியில் குடைந்த வழிகளில் குடிசைக்கும் சுரங்கத்துக்கும் போய் வந்தார்கள். பனிச்சரிவு முகாம்களோடு மனிதரையும் அடித்துப் போயிற்று. சில உடல்கள் வசந்தத்தில்தான் கிடைத்தன. அரிசி, உலர்ந்த கணவாய் மீன், காய்கறி ஆகியவற்றைத் தங்கள் செலவில் வரவழைத்துச் சமைத்து, கொதிக்கவைத்த தேநீரையே குடித்ததால் வெள்ளையரைவிட அவர்கள் குறைவாக நோயுற்றார்கள். வெள்ளையருக்குச் சம்பளத்தோடு உணவும் உறைவிடமும் கிடைத்தன. 1867 ஜூனில் ஏறத்தாழ மூவாயிரம் சீனர்கள் மாதம் 40 டாலரும் சுரங்கத்துள் எட்டு மணி நேர வேலையும் கேட்டு அமைதியாக வேலையை நிறுத்தினார்கள். கிராக்கர் அவர்களுக்கு வரும் உணவை நிறுத்தினார். ஒரு வாரத்தில் பணிந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ட்ரக்கி ஊர் எடுத்த ஆயுதம் இங்கே முன்பே பயன்பட்டிருக்கிறது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் சுரங்கம் துளைந்தது. நவம்பர் இறுதியில் முதல் ரயில் கடந்தது. சம்பளப் பட்டியல்களில் பெரும்பாலும் குழுத் தலைவர்களின் பெயர் மட்டுமே இருக்கிறது. அந்தத் தொழிலாளர்கள் எழுதிய ஒரு கடிதமும் கிடைக்கவில்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்று நிறுவனம் கணக்கு வைக்கவில்லை.

சுரங்கம் இன்னும் ரயில் நிறுவனத்தின் சொத்து என்பதால் நாங்கள் உள்ளே போகவில்லை. வாயிலில் நின்றாலே உளி பட்ட அரைவட்டத் தடங்கள் பாறையில் தெரிகின்றன. உள்ளிருந்து வரும் காற்றில் பனிக்கட்டியின் குளிர். 1993இல் தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். சுவர்களில் கண்ட இடமெல்லாம் வண்ணச் சாயம் பூசிக் கிறுக்கியிருக்கிறார்கள். அது என்னை வருத்தியது. சித்தப்பா அதைவிட நெடுநேரம் நின்றது, ஏழாம் எட்டாம் சுரங்கங்களுக்கு இடையே பள்ளத்தை அடைத்து எழுப்பிய கற்சுவரின் கீழே. 75 அடி உயரம், சாந்து ஒரு பிடியும் இல்லை. கல்லைக் கல்லோடு பொருத்தி, நூற்றிருபத்தைந்து ஆண்டு ரயிலின் எடையைத் தாங்கவைத்திருக்கிறார்கள். அவர் இடைவெளிகளில் விரல்களை நுழைத்துப் பார்த்தார், எட்டி நின்று கண்ணால் நூல் பிடித்துப் பார்த்தார். "ஒரு இடத்தில்கூட வயிறு தள்ளவில்லை, தம்பி. இப்படி அடுக்க எனக்குத் தெரிந்த கேங்மேன்களில் இருவருக்குத்தான் வரும்" என்றார். அருகே, சாய்ந்த பாறையில், இந்தக் கணவாயை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கடந்தவர்கள் கீறிய வட்டங்களும் அலைகளும் இருக்கின்றன.

முதியவர் ஒரு செய்தி சொன்னார். 1969இல் பாதை இணைந்ததன் நூற்றாண்டு விழாவில், போக்குவரத்து அமைச்சர் ஜான் வோல்பி, முப்பதடிப் பனியில் இத்தனை சுரங்கங்களை அமெரிக்கர்களைத் தவிர வேறு யாரால் துளைத்திருக்க முடியும் என்று பேசினார். துளைத்தவர்கள் சட்டப்படி குடிமக்களாகவே ஆக முடியாதவர்கள். 2014இல்தான் தொழிலாளர் துறை அவர்களைத் தன் கௌரவப் பட்டியலில் சேர்த்தது. 2021இல் இந்தச் சுரங்கங்களும் தொழிலாளர் முகாம் இருந்த இடமும் நாட்டின் அழிவு நோக்கிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலோடு நிற்காமல் இந்த இடத்தை அரசு பொதுச் சொத்தாக எடுத்து, காவலும் காட்சியகமும் வைக்க வேண்டும். பனியில் சிக்கியவர்களுக்கு 22 அடிப் பீடம் கட்டிய மாநிலத்துக்கு, பனியைத் துளைத்தவர்களுக்கும் அதே அளவு கடமை உண்டு என்று உறுதியாக நினைக்கிறேன்.

பதினொரு மணிக்கு ஆலங்கட்டி விழத் தொடங்கியது. போகிறவர்கள் ஜூலையிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைக்குள் போவது நல்லது. கோடையிலும் காற்றைத் தடுக்கும் மேலங்கி, நல்ல பிடிப்புள்ள காலணி, கையில் தண்ணீர் வேண்டும். உச்சியில் கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கற்சுவர் சாலையிலிருந்தே தெரிகிறது. ஆனால் பாறை மேல் பத்து நிமிடம் ஏறி அதன் அடியில் நின்று பார்க்க வேண்டும்.